99.9 யார் கண்டது?

பழையபம்ப்: "சவ்வு வடிப்பு வந்துவிட்டது, உப்புக் கழிவுநீரில் 99.9 சதவீதம் உறுதி, இனி ஆர்.ஓ.வை மூட்டை கட்டலாம்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். (ஆர்.ஓ. என்றால் அழுத்தம் கொடுத்து நீரைச் சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிப்பது.) படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக இந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறேன். அந்த எண்ணை விளம்பரத் தாளில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஆவிநேசன்: "ஒருவர்" என்ன ஒருவர், எழுதியவன் நான்தான். சவ்வு வடிப்பில் இருப்பது டெஃப்லான் சவ்வு, அதில் நீர் ஒட்டாது. ஒரு பக்கம் 60, 70 டிகிரியில் உப்புநீர், மறுபக்கம் குளிர்ந்த நீர். துளை வழியே ஆவி மட்டும்தான் போகும். உப்பு ஆவியாகாது என்பது பள்ளிப் பாடம். 99.9 வராமல் வேறென்ன வரும்?

பழையபம்ப்: பள்ளிப் பாடத்தில் சோப்பு இல்லை, தம்பி. ஆலைக் கழிவில் இருக்கிறது. அது பரப்பு இழுவிசையைக் குறைத்துவிட்டால் துளைக்குள் தண்ணீரே இறங்கிவிடும். வடிநீரில் உப்பு ஏறினால் அதன் மின்கடத்துதிறனும் ஏறும். ஒரு சோதனையில் காலையில் அது 6 மைக்ரோசீமன்ஸ். ஆளாளுக்குக் கைகுலுக்கிக்கொண்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தால் 900. மீட்டர் பழுதென்று இரண்டு முறை கழுவிப் பார்த்தோம். மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. எங்கே போயிற்று 99.9?

கணக்குப்பிள்ளை: ஒரு சந்தேகம். 100 லிட்டர் கழிவுநீரில் 99.9 லிட்டர் திரும்பக் கிடைக்குமா? அதில் 3 கிலோ உப்பிருந்தால், மிச்சமுள்ள 100 மில்லியில் மூன்று கிலோவும் எப்படி உட்காரும்? சாதாரண உப்பே ஒரு லிட்டர் நீரில் சுமார் 360 கிராம்தான் கரையும்.

ஆவிநேசன்: நான் எங்கே லிட்டர் என்றேன்? 99.9 என்றேன்.

கணக்குப்பிள்ளை: அதைத்தான் கேட்கிறேன். எதில் 99.9?

பழையபம்ப்: எதிலும் வராது! கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதன் சவ்வூடு அழுத்தமே, அதாவது நீரைச் சவ்வு தாண்டித் தள்ள வெல்ல வேண்டிய அழுத்தமே, ஏறத்தாழ 27 பார். உப்பு ஏற ஏற அதுவும் ஏறும். வழக்கமான கடல்நீர்ச் சவ்வுக்கு எல்லை 80 பாரைச் சற்றுத் தாண்டியதும் வந்துவிடும். ஆகவே ஆர்.ஓ. லிட்டருக்கு 70, 80 கிராம் உப்பில் நின்றுவிடும் என்பது எனக்கும் தெரியும். அதற்குப்பின் ஆவியாக்கி இருக்கிறது. தம்பி மறைப்பது வேறு. ஒரு கனமீட்டர் நீரை ஆவியாக்க 600 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். கடல்நீர் ஆர்.ஓ.வுக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் போதும்.

ஆவிநேசன்: ஆலையில் வீணாகும் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறோம். ஆவியின் வெப்பத்தையும் மீட்கலாம். உங்கள் ஆவியாக்கி மட்டும் தண்ணீரைக் கெஞ்சியா ஆவியாக்குகிறது?

பழையபம்ப்: அந்த வெப்பத்தைக் கொண்டுவரும் வெப்பமாற்றியில் ஜிப்சம் சுண்ணாம்புச் சுவர்போலப் படியும். அதைச் சுரண்டுகிறவன் நான். 99.9 பேசுகிறவர் ஒருநாள் உளியோடு வரட்டும்.

சொல்லாய்வன்: இருவருமே தவறு. சவ்வு உயிருள்ள உடம்பில் இருப்பது. இதைப் 'படலம்' என்று எழுத வேண்டும்.

பழையபம்ப்: சவ்வூடு பரவல் என்பது பாடநூல் சொல். முதலில் பாடநூலைத் திருத்திவிட்டு வாருங்கள்.

சொல்லாய்வன்: போன மாதம் 'படிவு', 'அடைப்பு' பற்றிச் சொன்னபோதும் இதே ஏளனம். மறக்கவில்லை.

ஆவிநேசன்: அவருக்கு எல்லாமே ஏளனம்தான். 1960 வாக்கில் லோபும் ஸ்ரீனிவாச சௌரிராஜனும் ஆர்.ஓ.வுக்கான செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வைச் செய்தபோதும் யாரோ ஒரு பழைய பம்ப் "வராது" என்றிருக்கும்.

பழையபம்ப்: அவர்கள் செய்து காட்டினார்கள். 99.9 என்று தம்பட்டம் அடிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை: உப்பு நீக்கமா, நீர் மீட்பா? ஒரே ஒரு சொல் போதும்.

சொல்லாய்வன்: 'நீக்கம்' அல்ல, 'விலக்கம்'.

பழையபம்ப்: எனக்கு இரவு ஷிப்ட். காலையில் எங்கள் மீட்டர் காட்டும் அளவோடு வருகிறேன்.

ஆவிநேசன்: எந்த மீட்டர், இரண்டு முறை கழுவினீர்களே, அதுவா?