13 வயதுப் பூனைக்கு ஐந்து நாளாக வயிற்றுப்போக்கு, பசி மட்டும் குறையவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி, பள்ளத்தூரிலிருந்து

எங்கள் வீட்டுப் பூனைக்கு 13 வயது. பெண், கருத்தடை செய்தது. வளவுக்குள்ளேயே வளர்ந்தது, முகப்பைத் தாண்டித் தெருவில் கால் வைத்ததில்லை. ஐந்து நாளாக வயிறு சரியில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை மணல் பெட்டிக்குப் போகிறது, ஒவ்வொரு முறையும் கூழாக, நிறையப் போகிறது. நேற்று இரண்டு முறை வாந்தியும் எடுத்தது. இரத்தம் எதுவும் தென்படவில்லை.

போன வாரம் எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல் இடும் படைப்பு. பங்காளிகள் எல்லோரும் வந்து மூன்று நாள் தங்கினார்கள். குழந்தைகள் கிண்ணம் கிண்ணமாகப் பால் வைத்தது எனக்குத் தெரியும். வேறு என்ன ஊட்டினார்கள் என்று தெரியாது. கேட்டால் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கிறார்கள்.

பசி குறையவில்லை. முன்னைவிடக் கூடுதலாகவே கேட்டு வாங்கித் தின்கிறது. ஆனால் தடவிக் கொடுத்தால் முதுகெலும்பு கையில் தட்டுகிறது. வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவச் சொல்கிறார் மாமியார். பச்சைக் குழந்தைக்கே கொடுப்பதுதானே என்கிறார். எனக்குக் கை வரவில்லை. என் கணவர் காலமான ஆண்டில் கிணற்றடியில் கண்டெடுத்த குட்டி இது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், தேவகோட்டையிலிருந்து

ஆச்சி, வசம்பு வேண்டாம். ஓமத் தண்ணீரும் வேண்டாம். இந்த வாசனைச் சரக்குகளின் எண்ணெயைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நமக்கு மருந்தாவது அதற்கு நஞ்சாகலாம். அதைவிட முக்கியம், வீட்டில் இருக்கும் பாரசிட்டமால் மாத்திரையை எந்தக் காரணத்துக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை ஒரு பூனையின் உயிரை எடுத்துவிடும்.

பாலை இன்றே நிறுத்துங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. குழந்தைகளிடம் அதட்டாமல் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்: குழம்புச் சோறு கொடுத்தார்களா? நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது. இரண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. விளைவு தெரியவே சில நாள் ஆகும். ஈறு வெளுத்திருக்கிறதா, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகிறதா என்று பாருங்கள்.

பதில், கோனாபட்டிலிருந்து

பல்லி பிடித்துத் தின்னும் பழக்கம் உண்டா? வெயில் நாடுகளில் பல்லி வழியாக ஒரு தட்டைப்புழு பூனையின் பித்தக் குழாய்க்குப் போய்ச் சேர்கிறது. வெளியே போகாத எங்கள் பூனைக்கும் அதுதான் வந்தது. வாந்தி, மெலிவு, கடைசியில் கண்ணும் காதும் மஞ்சள். முற்றமும் உத்தரமும் உள்ள நம் வீடுகளில் பல்லிக்கா பஞ்சம்? மலப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது பல்லி விஷயத்தையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பதில், காரைக்குடியிலிருந்து (ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்)

அம்மா, நீங்கள் எழுதியதில் வயிற்றுப்போக்கைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. நன்றாகத் தின்கிறது, ஆனாலும் மெலிகிறது. பாலால் வந்த கோளாறு என்றால் பாலை நிறுத்தி ஓரிரு நாளில் அடங்கிவிட வேண்டும். முதுகெலும்பு தட்டும் அளவுக்கு மெலிவது ஐந்து நாளில் நடப்பதில்லை, அது மாதக்கணக்கில் நடந்திருக்கும். படைப்பும் விருந்தும் அதை உங்கள் கண்ணுக்குக் காட்டியிருக்கின்றன, அவ்வளவுதான்.

பத்து வயதைத் தாண்டிய பூனைக்கு இப்படி இருந்தால் நான் முதலில் நினைப்பது தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்வதை. இரவில் காரணமில்லாமல் கத்துகிறதா? ஓரிடத்தில் படுக்காமல் அலைகிறதா? அடுத்து சிறுநீரகம், நாட்பட்ட குடல் அழற்சி, குடலில் புற்று. இவற்றைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க என்னாலும் முடியாது. இரத்தப் பரிசோதனை வேண்டும். குறைந்த தடவை நிறையப் போவது பெரும்பாலும் சிறுகுடல் கோளாறு. அடிக்கடி முக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சளியோடு போனால் பெருங்குடல். இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் சொல்லுங்கள், அவருக்குப் பாதி வேலை குறையும்.

இன்னொரு கேள்வி. விருந்துக்கு முன் ஆத்தங்குடிக் கல் தரையைப் பினாயில் போட்டுத் துடைத்தீர்களா? பூனை நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும். அதுவும் வயிற்றைக் கெடுக்கும், வாய்ப்புண்ணும் வரும்.

மருத்துவரைப் பார்க்கும்வரை தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை உப்பில்லாமல் அவித்து, சிறிது சிறிதாக நான்கைந்து வேளை கொடுங்கள். அவித்து மசித்த பரங்கிக்காய் ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். இது சில நாளைக்கு மட்டும்தான். வெறும் கறியில் பூனைக்கு வேண்டிய சத்து எல்லாம் கிடைக்காது. வயிறு ஓய்வெடுக்கட்டும் என்று பட்டினி போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் தின்னாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். மலம் தார் போலக் கறுத்தாலோ, தண்ணீரும் வாந்தியாக வந்தாலோ, ஈறு பசைபோல ஒட்டினாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். தோலை இழுத்துப் பார்த்து நீர்ச்சத்தைக் கணிப்பது கிழப் பூனையிடம் பலிக்காது, அதன் தோல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

கேள்வி கேட்டவர், மறுநாள்

எல்லோருக்கும் நன்றி. குழம்புச் சோறு கொடுக்கவில்லை என்று சின்னவள் சத்தியம் செய்துவிட்டாள். ஈறு இளஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது. பினாயில் உண்மைதான் ஐயா, வேலைக்கு வந்தவர்கள் இரண்டாம் கட்டு முழுக்க ஊற்றித் துடைத்தார்கள். இன்று வெறும் தண்ணீரால் இரண்டு முறை கழுவிவிட்டேன். இரவில் கத்துவது ஆறு மாதமாகவே உண்டு. வயதாகிவிட்டது, காது மந்தம் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் கூடையோடு வைத்து நிறுத்தேன்: கூடை போக 3 கிலோ 100 கிராம். போன ஆண்டு தடுப்பூசிக்குப் போனபோது சீட்டில் 4 கிலோ 200 என்று இருக்கிறது. அந்தச் சீட்டைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

கேள்வி கேட்டவர், பத்து நாள் கழித்து

மலத்தில் புழு முட்டை இல்லை. தோலுக்கடியில் ஒரு முறை சலைன் ஏற்றினார்கள். கறியும் பரங்கிக்காயும் கொடுத்த மூன்றாம் நாளே மலம் ஓரளவு கட்டிவிட்டது. இரத்தத்தை வெளியூருக்கு அனுப்பியதில் தைராய்டு மிக அதிகம் என்று வந்திருக்கிறது. தினமும் மாத்திரை கொடுக்கச் சொல்லி, மூன்று வாரம் கழித்து மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மாத்திரையைப் பொடித்துக் கறியில் கலக்கலாமா? மருமகள் கையால் கொடுத்தால்தான் அது எதையும் விழுங்கும்.

பதில், காரைக்குடியிலிருந்து

பொடிக்க வேண்டாம் அம்மா. முழுதாகவே மசித்த கறி உருண்டைக்குள் வைத்து, முதலில் வெறும் உருண்டை ஒன்று, அடுத்து மாத்திரை உருண்டை, பின்னாலேயே இன்னொரு வெறும் உருண்டை என்று கொடுங்கள். மறுபரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். மிகையான தைராய்டு சிறுநீரகக் கோளாறை மறைத்து வைத்திருக்கும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும்தான் அது வெளியே தெரியும். உங்கள் மருமகள் கருவுற்றிருக்கிறாரா? அப்படியென்றால் அந்த மாத்திரையை அவர் தொடக்கூடாது. மணல் பெட்டியையும்தான்.

கேள்வி கேட்டவர்

ஐந்தாம் மாதம் ஐயா. நல்ல வேளை கேட்டீர்கள். இன்றிலிருந்து கையுறை போட்டு நானே கொடுக்கிறேன். உருண்டை பிடித்துத் தருவது மாமியார் வேலை, அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் மூன்று உருண்டையும் உள்ளே போய்விட்டன.