டிலோரியன்: 6,500 கார்கள் ஓடுகின்றனவா, இருக்கின்றனவா?

நெல்லை கார்த்தி: 1981, 82 இரண்டே ஆண்டுகள். வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்டை ஒட்டிய டன்மரி தொழிற்சாலையில் ஏறக்குறைய 9,000 டிலோரியன் கார்கள் செய்தார்கள். அதில் 6,500 வரை இன்னும் ஓடுகின்றன என்று ஆர்வலர்கள் சொல்கிறார்கள். கம்பெனியே மூடிப்போன காருக்கு இது பெரிய விஷயம். உடம்பு முழுக்க எவர்சில்வர், துருவே பிடிக்காது. அதனால் நான் நம்புகிறேன்.

மேகலா: கார்த்தி, 6,500 என்பது அழியாமல் மிஞ்சியவற்றின் உத்தேசக் கணக்கு. ஓடுபவற்றின் கணக்கு இல்லை. எவர்சில்வர் வெளித்தகடு மட்டும்தான். அதற்குள் கண்ணாடியிழை, அடியில் சாதாரண இரும்பு சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் சட்டகம். சேஸிஸ் மேல் இருக்கும் எபாக்ஸி பூச்சு விரிசல் விட்டால் ஈரம் புகுந்து அரித்துவிடும். மேலே பளபளவென்று இருப்பதால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

நெல்லை கார்த்தி: அரித்தால் சரிசெய்யலாமே அக்கா. தொழிற்சாலையில் மிஞ்சிய உதிரிபாகங்களில் பெரும்பகுதி அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. டெக்ஸாஸில் ஒரு நிறுவனம் இன்றும் விற்கிறது. விலை ஏறிக் கிடக்கும் வண்டியை யார் காயலான் கடைக்குப் போடுவார்?

மேகலா: போட மாட்டார்கள், ஷெட்டில் நிறுத்துவார்கள். என் வாதமே அதுதான். இதில் இருப்பது பாஷ் கே-ஜெட்ரானிக் என்ற, எஞ்சினுக்குப் பெட்ரோலைச் செலுத்தும் அமைப்பு. பெட்ரோலோடு பல வருடம் நின்றால் உள்ளே பிசின் படிந்து அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்ய நல்ல செலவாகும். அதற்குப் பயந்தே பலர் தள்ளிப்போடுகிறார்கள்.

ராகவன்: நடுவில் வருகிறேன். அரசுப் பதிவேட்டைப் பார்த்தால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். பிரிட்டனில் வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏ கணக்கில் சாலையில் ஓட உரிமம் உள்ளவை தனி, ஓட்டவில்லை என்று அறிவித்தவை தனி. ஆனால் 40 வயது தாண்டிய கார்களுக்கு அங்கே சாலை வரி இல்லை. முன்பு வரி கட்டியவர் ஓட்டத்தான் கட்டினார். இப்போது காசு செலவில்லாமல் உரிமப் பட்டியலில் இருக்கலாம். அதைவிடப் பெரிய இழப்பு, வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயம் இல்லை. அந்தச் சோதனையில்தான் ஓடிய மைல் பதிவாகும். கார் ஓடியதா, நின்றதா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு கிடையாது.

மேகலா: அருமை ராகவன் சார். பெரும்பாலான டிலோரியன்கள் இருக்கும் அமெரிக்காவில் இன்னும் சிக்கல். மாநிலத்துக்கு மாநிலம் பதிவு தனித்தனி.

நெல்லை கார்த்தி: சரி, பட்டியலை விடுங்கள். சேஸிஸ் நன்றாக இருந்து, பேட்டரி மாற்றி, டேங்கைச் சுத்தம் செய்தால் கிளம்பும் வண்டியை நான் ஓடும் கணக்கில்தான் சேர்ப்பேன்.

மேகலா: பத்து வருடம் நின்ற டயரையும் பிரேக் குழாயையும் நம்பி நெடுஞ்சாலையில் இறங்க முடியாது தம்பி. கடந்த ஒரு வருடத்தில் சாலையில் இறங்கிய கார்களை மட்டுமே நான் எண்ணுவேன். அப்படி எண்ணினால் 6,500 நிச்சயம் வராது.