பற்றரி அசிட் காலில் பட்டால் சாம்பல் பூசலாமா?

கேள்வி (மாங்குளம்):
போன கிழமை உழவு மெசின் பற்றரியைக் கழற்றும்போது கை தவறிச் சரிந்துவிட்டது. விறாந்தைச் சீமெந்தில் ஒரு கிளாஸ் அளவு அசிட். என் புறங்காலிலும் நாலைந்து துளி. சாம்பல் வர முன்னமே நிலம் நுரைக்கத் தொடங்கிவிட்டது. அம்மம்மா அடுப்புச் சாம்பலோடு ஓடி வந்தார். நிலத்தில் கொட்ட விட்டேன். காலில் பூச விடாமல் கிணற்றடிக்கு ஓடினேன். இன்னும் கோபமாக இருக்கிறார். ஓ.எல். படிக்கும் மகள், "அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும்தானே அப்பா, பூசியிருக்கலாமே" என்கிறாள். யார் சரி?

பதில் (கிளிநொச்சி, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்):
தம்பி, ஓடினதுதான் சரி. மகள் வெப்பத்தை விட்டுவிட்டார். வலிய அமிலமும் வலிய காரமும் சேர்ந்து ஒரு மூல் (18 கிராம்) நீர் உண்டாகும்போது ஏறக்குறைய 57 கிலோயூல் வெப்பம் வெளியாகும். சாம்பலில் பெரும்பாலும் காபனேற்றுத்தான் (அசிட் பட்டால் காபனீரொட்சைட்டு வாயுவை விடும் உப்பு), அதனால் சூடு குறைவு; ஆனால் நனைந்த சாம்பலே தோலைக் கடிக்கும். எவ்வளவு போட்டால் போதும் என்று காலில் எப்படி அளப்பது? ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவுவதுதான் முதல் வேலை.

நுரை பற்றி: அது காபனேற்றிலிருந்து வரும் காபனீரொட்சைட்டு; சீமெந்திலும் காபனேற்று உண்டு, அதுதான் சாம்பல் வர முன்னமே நுரைத்தது. காபனேற்று இல்லாத வலிய காரமான எரிசோடாக் கரைசலில் அசிட் விட்டால் நுரையே வராது, ஆனாலும் நடுநிலையாகும். உங்கள் சீமெந்து தானே காரமாக இருந்து அசிட்டைத் தின்றிருக்கிறது. தானும் அரிபட்டிருக்கும், பாருங்கள்.

பதில் (வவுனியா, பற்றரிக் கடை):
நான் கடையில் அப்பச்சோடா வைத்திருக்கிறேன். 100 மில்லிலீற்றர் பற்றரி அசிட்டுக்கு 80 கிராம் மட்டில் போகும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள், புதிதாகப் போட்டும் நுரைக்காவிட்டால் முடிந்தது. பிறகு தாராளமாகத் தண்ணீர். கண்ணில் பட்டால் சோடாவை நினைக்கவே வேண்டாம். தண்ணீரால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரி.

பதில் (அதே ஆசிரியர்):
மகளுக்கு ஒரு வேலை: செவ்வரத்தம் பூவைச் சுடுநீரில் ஊறவைத்து அந்தச் சாறை நிலத்தில் விடச் சொல்லுங்கள். அசிட் மிச்சமிருந்தால் சிவக்கும், காரம் கூடினால் பச்சை.

கேள்வி கேட்டவர்:
விட்டுப் பார்த்தாள் சேர். பச்சை. அம்மம்மா சாம்பலைக் கொஞ்சம் அதிகமாகவே கொட்டியிருக்கிறார். நிலத்தில் கைவிரலால் தடவினால் தெரிகிற அளவு அரிப்பு. கால் ஆறிவிட்டது. அந்தப் பச்சையை யார் கழுவுவது என்றுதான் இப்போது சண்டை.