ஆச்சி 90: பத்தாவது ஆளுக்கு நாலு ஸ்பேஸ்

கனகு பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். அம்மாவின் 90-க்குப் போடும் புத்தகத்தில் வம்சாவளிப் பக்கம் வெள்ளிக்கிழமைக்குள் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். முத்து அனுப்பிய லிங்க்கைப் பார்த்துவிட்டு இன்றே சொல்லுங்கள்.

தென்காசி சித்தி: பார்த்தேன். எழுத்து பொடிசாக இருக்கிறது

பிரபு மச்சான்: மாப்ளே, எங்களைக் காணோம்

முத்து: இருக்கிறீர்கள், கீழே போய்ப் பார்

பிரபு மச்சான்: பார்த்துவிட்டேன். எல்லார் பிள்ளைகளும் அப்பா அம்மா பேருக்கு அடியில் உள்ளே இருக்கிறார்கள். நானும் தங்கச்சியும் மட்டும் வெளித்திண்ணையில் நிற்கிறோம்

பிரபு மச்சான்: (படம்)

செல்வி அத்தை: பால்காய்ப்புப் பத்திரிகையில் என் பேரே இல்லை. இதில் பேர் இருக்கிறது, பிள்ளைகளைத்தான் காணோம். பரவாயில்லை, முன்னேற்றம்.

கனகு பெரியப்பா: செல்வி, அது பிரஸ்காரன் தப்பு என்று 11 வருஷமாகச் சொல்கிறேன்.

செல்வி அத்தை: இதுவும் பிரஸ்காரனா அண்ணே

முத்து: அத்தை, இது என் தப்பு. பெரியப்பாவுக்குச் சம்பந்தமே இல்லை. நான் அடித்தது மார்க்டவுனில், வெறும் எழுத்தும் குறியுமாக அடித்தால் பட்டியலாக மாற்றிக் காட்டும் முறை அது. அதில் ஒருவர் இன்னாருடைய பிள்ளை என்பதை ஸ்பேஸ் விட்டுத்தான் காட்ட முடியும். எத்தனை ஸ்பேஸ் என்பது மேல் வரியைப் பொறுத்தது. மேலே பெயரின் முதல் எழுத்து எங்கே தொடங்குகிறதோ அதற்கு நேர் கீழே பிள்ளையின் கோடு வர வேண்டும். 9 என்றால் எண்ணுக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று, நடுவில் ஒரு ஸ்பேஸ், ஆக மூன்று. நான் முதலிலிருந்து எல்லாருக்கும் மூன்றே விட்டுக்கொண்டு வந்தேன். அத்தைக்கு வரும்போது 10. இரண்டு இலக்கம், அதனால் நாலு வேண்டும். ஒன்று குறைந்ததும் பிரபு யாருக்கும் பிள்ளை இல்லை என்று முடிவு கட்டித் தனிப் பட்டியலாக வெளியே தள்ளிவிட்டது.

முத்து: இப்படி அடித்திருந்தேன்
10. செல்வி
   - பிரபு

முத்து: இப்படி இருக்க வேண்டும்
10. செல்வி
    - பிரபு

தென்காசி சித்தி: இரண்டும் ஒன்றுதானே

பிரபு மச்சான்: ஒரு ஸ்பேஸில் வம்சமே போச்சு. இனி சொத்துக்கும் ஸ்பேஸ் எண்ணிப் பார்க்க வேண்டும்

கனகு பெரியப்பா: சொத்துப் பேச்சு இந்தக் குரூப்பில் வேண்டாம்.

செந்தில் அண்ணன்: இதையெல்லாம் வேர்டில் அடித்திருக்கலாமே

முத்து: வேர்டில் அடித்து, நீங்கள் போனில் திறந்து பாதி கலைந்துபோனது ஞாபகம் இல்லையா. மார்க்டவுன் வெறும் எழுத்துதான், எதில் திறந்தாலும் கலையாது. ஜான் க்ரூபர் என்பவர் 2004-இல் கொண்டுவந்தது.

தென்காசி சித்தி: க்ரூபர் யார் வீட்டு மாப்பிள்ளை

முத்து: 😑

காவ்யா அக்கா: முத்து, எல்லாருக்கும் நாலாகவே விட்டுவிடு. ஒவ்வொரு தலைமுறைக்கும் நாலு நாலாகக் கூட்டு. எங்கள் ஆபீஸில் மார்க்டவுனை மாற்றிக் காட்டுவது பைதான் மார்க்டவுன் என்ற புரோகிராம், அதில் நாலுக்குக் குறைந்தால் பேரன் பேத்தி எல்லாரும் தாத்தாவோடு ஒரே வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

முத்து: கிட்ஹப் தளத்தில் ஒற்றை இலக்க எண்ணுக்கு மூன்று போதும் அக்கா, அது காமன்மார்க் விதி

காவ்யா அக்கா: போதும்தான், பிரபு திண்ணையில் நிற்கிற வரைக்கும். க்ரூபர் எழுதியதில் இதெல்லாம் தெளிவாக இல்லை, ஆளாளுக்கு ஒரு மாதிரி செய்துகொண்டார்கள். அதனால்தான் 2014-இல் உட்கார்ந்து காமன்மார்க் என்று விதி எழுதினார்கள். நாலு விட்டால் இரண்டு பக்கமும் பிழைக்கும்.

முத்து: சரி. செந்தில் அண்ணா, உங்கள் வீட்டில் ஏன் நடுவில் இடைவெளி விழுகிறது என்று பார்த்தேன். நீங்கள் திருத்தும்போது மூத்தவளுக்குக் கோடு, சின்னவனுக்கு நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். குறி மாறினால் அது புதுப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும்.

பிரபு மச்சான்: ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு

செந்தில் அண்ணன்: போடா. என் திருத்தத்தை இங்கேயே அடித்து அனுப்புகிறேன்

முத்து: வேண்டாம் அண்ணா. வாட்ஸ்அப்பில் 2024-இலிருந்து பட்டியல் வருகிறது, ஆனால் ஒன்றுக்குள் ஒன்று போகாது. தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள்.

தென்காசி சித்தி: அல்வா யார் வாங்குவது? போன தடவை நாங்கள்

செந்தில் அண்ணன்: அது இருக்கட்டும். நீ செல்வி அத்தை 10 என்கிறாய், பக்கத்தில் 9 என்றுதானே வருகிறது

முத்து: பெரியப்பா எழுதிக் கொடுத்த தாளில் 1, 2, 3, 5 என்று போகிறது. அதை அப்படியே அடித்தேன். மார்க்டவுன் முதல் எண்ணை மட்டும்தான் பார்க்கும், அப்புறம் நாம் என்ன போட்டாலும் அதுவே வரிசையாக எண்ணிக்கொள்ளும். ஆனால் ஸ்பேஸுக்கு மட்டும் நான் அடித்த 10-ஐத்தான் கணக்கு எடுக்கிறது. பெரியப்பா, 4 விட்டுப்போனதா?

கனகு பெரியப்பா: விட்டுப்போகவில்லை.

கனகு பெரியப்பா: எனக்கு மூன்றாவது தங்கச்சி. 11 மாதத்தில் தவறிவிட்டாள். பெயர் போட வேண்டுமா என்று தெரியவில்லை, எண்ணை மட்டும் விட்டுவைத்தேன். யார் கேட்டாலும் அம்மா எனக்குப் பத்துப் பிள்ளை என்றுதான் சொல்வாள்.

செல்வி அத்தை: பத்து என்பாள், தெரியும். நான் ஏதோ கணக்குத் தப்பு என்று நினைத்திருந்தேன்

செல்வி அத்தை: பேர் என்ன அண்ணே

கனகு பெரியப்பா: வள்ளி.

பிரபு மச்சான்: போட்டுவிடலாம் மாமா

தென்காசி சித்தி: பிறந்தநாள் புத்தகத்தில் அதைப் போடலாமா அத்தான். அத்தை பார்த்து அழுதால்?

செல்வி அத்தை: போடாவிட்டால் அழமாட்டாளா மைனி

காவ்யா அக்கா: ஆச்சியிடமே கேட்டால் என்ன

கனகு பெரியப்பா: தூங்குகிறாள். எழுந்ததும் கேட்கிறேன்.

செல்வி அத்தை: நீங்கள் கேட்க வேண்டாம், நான் போன் போடுகிறேன்

கனகு பெரியப்பா: நான்தானே பக்கத்தில் இருக்கிறேன்.

முத்து: எல்லாருக்கும் நாலு ஸ்பேஸ் போட்டுவிட்டேன். 4 என்று மட்டும் அடித்துப் பெயர் இல்லாமல் வைத்திருக்கிறேன். காலியாக இருந்தாலும் அந்த வரிக்கு எண் வரும். அத்தை இப்போது 10 என்றே வருகிறார். பார்த்துச் சொல்லுங்கள்.

பிரபு மச்சான்: உள்ளே வந்துவிட்டோம் 🙏

செல்வி அத்தை: 👍

தென்காசி சித்தி: வேனுக்கு 14 பேரா 17 பேரா, டிரைவர் கேட்கிறார்