‘எலெக்ட்ரோமேக்னட்டிசம்’ என்ற சொல் எப்போது பிறந்தது?

கேள்வி:
மின்காந்தவியலைக் குறிக்கும் ‘எலெக்ட்ரோமேக்னட்டிசம்’ என்ற சொல் 1641-இலேயே அச்சேறிவிட்டதாகப் படித்தேன். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று டென்மார்க் அறிவியலாளர் ஓர்ஸ்டெட் கண்டறிந்ததோ 1820-இல். பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்ததுபோல் இருக்கிறதே, இது எப்படிப் பொருந்தும்?

மறுமொழி 1:
ஆண்டு சரிதான், பொருள்தான் வேறு. அதானேசியஸ் கிர்ச்சர் என்ற இயேசு சபைத் துறவி, 1641-இல் ரோமில் வெளியிட்ட காந்தம் பற்றிய இலத்தீன் நூலில், ஒரு பகுதிக்கு இச்சொல்லைத் தலைப்பாக்கினார். கிரேக்கத்தில் ‘எலெக்ட்ரான்’ என்றால் அம்பர், அதாவது மண்ணில் புதையுண்டு இறுகிய பழங்கால மரப்பிசின். கம்பளியில் தேய்த்தால் அது உமியையும் வைக்கோல் துணுக்கையும் இழுக்கும். கிர்ச்சர் பேசியது அந்த ஈர்ப்பைத்தான். மின்னோட்டம் அன்று எவருக்கும் தெரியாது. வோல்டாவின் மின்கலமே 1800-இல்தான் வந்தது.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அம்பரையும் காந்தக் கல்லையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது என்று 1600-இலேயே வாதிட்டவர் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கில்பர்ட். தேய்த்த அம்பர் இலேசான எதையும் இழுக்கும், ஈரம் பட்டால் அடங்கிவிடும். காந்தக் கல்லுக்குத் தேய்ப்பே வேண்டாம், ஆனால் அது இரும்பைத்தான் நாடும். கண்ணாடி, கந்தகம் போன்றவையும் அம்பரைப்போல் இழுப்பதைக் கண்டு, அவற்றுக்கெல்லாம் ‘எலெக்ட்ரிக்’ என்று பெயரிட்டவரும் அவரே. அவர் அரும்பாடுபட்டுப் பிரித்த இரண்டையும் கிர்ச்சர் ஒரே சொல்லில் ஒட்டவைத்தது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

கேட்டவர்:
நன்றி. ‘மேக்னட்’ எங்கிருந்து வந்தது? இன்றைய பொருளைத் தந்தவர் ஓர்ஸ்டெட்தானா?

மறுமொழி 2:
‘மேக்னட்’ என்பது மக்னீசியா என்ற ஊர்ப்பெயரின் வழி வந்தது. கிரேக்கத்தின் தெசலியிலும் சிறிய ஆசியாவிலும் (இன்றைய துருக்கி) அப்பெயர் உண்டு என்பதால் எந்த மக்னீசியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. செருப்பாணி பாறையில் ஒட்டிக்கொண்ட இடையன் கதையை ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிறார். அதைக் கதையாகவே கொள்ளலாம்.

மறுமொழி 1:
ஆம், பொருள் மாறியது ஓர்ஸ்டெட்டின் கண்டுபிடிப்பால்தான். ஆனால் 1820 ஜூலை 21 தேதியிட்ட அவரது இலத்தீன் அறிக்கையின் தலைப்பில் இச்சொல் இல்லை. மின்னோட்டம் பாயும் கம்பியில் நிகழ்வதை ‘மின் மோதல்’ என்று அழைத்து, அது காந்த ஊசிமேல் விளைவிக்கும் தாக்கம் என்றே எழுதினார். ஊசிக்கு இணையாக மேலே கம்பியைப் பிடித்து மின்னோட்டம் செலுத்தினால் ஊசி ஒரு பக்கம் திரும்பும். கம்பியைக் கீழே கொண்டுபோனால் மறுபக்கம் திரும்பும். இச்செய்தி பரவிய பிறகே, மின்னோட்டத்தால் விளையும் காந்தத்தைக் குறிக்க இச்சொல் வழக்கில் ஊன்றியது. 1831-இல் ஃபாரடே காந்தத்திலிருந்து மின்னோட்டம் பெற்றதும் 1865-இல் மேக்ஸ்வெல் ஒளியையும் மின்காந்த அலையாகக் கணக்கிட்டதும் அதன் பொருளை இன்னும் விரித்தன.