தூண்டில் ரீலில் எவ்வளவு நரம்பு கொள்ளும் என்று முன்கூட்டியே கணக்கிடுவது எப்படி?

கழிமுகன்:
முகத்துவாரத்தில் கொடுவா பிடிப்பதற்காக வாங்கியுள்ள ரீலின் ஸ்பூலில் (நரம்பு சுற்றும் உருளையில்) ‘0.35 மி.மீ. – 200 மீ.’ என்று பொறித்திருக்கிறார்கள். இது தங்கூஸ் (ஒற்றை இழை நைலான்) நரம்புக்கான அளவு. நான் சுற்ற நினைப்பதோ 0.20 மி.மீ. பிரெய்டு (பல இழைகளைப் பின்னிய நரம்பு); கடையில் 150 மீட்டர், 300 மீட்டர் சுருள்களாகவே கிடைக்கிறது. தடிமன் குறையும் விகிதத்தில் நீளம் கூடும் என்று பார்த்தால் 350 மீட்டர் வருகிறது. அப்படியானால் 300 மீட்டர் சுருள் ஸ்பூலை ஏறக்குறைய நிரப்பிவிடும் அல்லவா?

உப்பங்காற்று:
நிரப்பாது, நண்பரே, பாதியளவுகூட வராது. நரம்பு அடைக்கும் இடம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 0.35-ஐ 0.20-ஆல் வகுத்து, வரும் 1.75-ஐ வர்க்கமாக்கி, 200-ஆல் பெருக்க வேண்டும். விடை சுமார் 612 மீட்டர்.

கொடுவாவுக்கு 150 மீட்டர் பிரெய்டு தாராளம் என்பது என் கருத்து. அது ஸ்பூலில் கால் பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முக்கால் பங்கில் அதே 0.35 தங்கூஸை 150 மீட்டர் அளவுக்கு அடியில் சுற்றிவிடலாம். பணம் மிச்சமாவது ஒருபுறமிருக்க, வழவழப்பான ஸ்பூலில் பிரெய்டை நேரடியாகச் சுற்றினால் பெரிய மீன் இழுக்கும்போது சுருள் முழுவதுமாக வழுக்கிச் சுழலும். அடியில் தங்கூஸ் இருந்தால் அந்தத் தொல்லை இராது. நரம்பு தாங்கும் வலிமையைக் குறிக்கும் பவுண்டு எண்ணை வைத்து மட்டும் கணக்கிடாதீர்கள்: ஒரே வலிமையுள்ள தங்கூஸைவிடப் பிரெய்டு ஏறத்தாழப் பாதித் தடிமனே இருக்கும்.

பழையதூண்டில்:
கணக்கு சரிதான், ஆனால் பிரெய்டு இறுகும் தன்மையுள்ளது, எனவே எவ்வளவு இழுத்துச் சுற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்து நீளம் மாறும். துல்லியம் வேண்டுமென்றால் பிரெய்டை முதலில் சுற்றி, அதன் மேல் தங்கூஸைக் கட்டி, விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிற்கும்வரை சுற்றி வெட்டிவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் அதே அளவுள்ள உதிரி ஸ்பூலுக்கு மாற்றினால் தங்கூஸ் அடியிலும் பிரெய்டு மேலும் வந்துவிடும். உதிரி ஸ்பூல் இல்லையென்றால் இரண்டு காலிச் சுருள்களுக்கு அடுத்தடுத்து மாற்றி, அதன்பின் ரீலுக்கு ஏற்ற வேண்டும், சலிப்பான வேலைதான்.

கழிமுகன்:
மிக்க நன்றி, ஐயா. ஒரு சுருளின் மேல் மில்லிமீட்டரே இல்லை, ‘பி.ஈ. 1.5’ என்று மட்டும் உள்ளது. அதை எப்படிக் கணக்கில் எடுப்பது?

உப்பங்காற்று:
அது ஜப்பானிய அளவுமுறை, 1.5 என்பது சுமார் 0.20 மி.மீ. என்பதால் உங்கள் கணக்கு மாறாது. இந்த எண் தடிமனோடு அல்லாமல் பரப்போடு நேர்விகிதத்தில் உயர்வதால் வர்க்கமாக்கும் வேலையே இல்லை. ‘பி.ஈ. 1.5 – 300 மீ.’ என்று பொறித்த ரீலில் ‘பி.ஈ. 2’ பிரெய்டு எவ்வளவு கொள்ளும் என்றால், 1.5-ஐ 300-ஆல் பெருக்கி 2-ஆல் வகுங்கள்: 225 மீட்டர்.