முரோமாச்சி கால மை ஓவியச் சுருள்: கைமாறிய தடயங்களைப் படிப்பது எப்படி?

கார்முகில்:
அருங்காட்சியகங்கள் இணையத்தில் ஏற்றியிருக்கும் 15, 16-ஆம் நூற்றாண்டு ஜப்பானிய மை ஓவியங்களைப் பார்த்துவருகிறேன். துறவி ஓவியர்களான செஷ்ஷு, ஷூபுன் பெயரோடு பல இடங்களில் "அவருடையதாகக் கருதப்படுவது" என்று சேர்த்திருக்கிறார்கள். முத்திரை தெளிவாக இருந்தும் ஏன் தயக்கம்? மடாலயத்திலிருந்து எப்படியெல்லாம் கைமாறி வந்தது என்பதைப் படத்தை வைத்தே ஓரளவு சொல்ல முடியுமா?

கரித்துகள்:
முத்திரையை முதல் சாட்சியாக எடுக்காதீர்கள். பெயரில்லாத பழைய ஓவியத்தில் பிற்காலத்தில் பெரிய பெயரைக் குத்தி விற்றது சகஜம். ஷூபுன் வரைந்தது என்று ஐயமறச் சொல்லத்தக்க ஓவியம் ஒன்றுகூட இல்லை.

படத்தைப் பெரிதாக்கி முத்திரையின் சிவப்பு மை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பட்டில் விரிசல் விழுந்த பிறகு குத்தியிருந்தால் சிவப்பு அந்த விரிசலுக்குள் இறங்கியிருக்கும். ஒட்டுப்போட்ட துண்டின் மேல் ஏறியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை, அது பிற்காலத்தது.

முத்திரையைவிடக் கனமான சான்று ஓவியத்தின் மேற்பகுதியில் எழுதியிருக்கும் வாசகம். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் செஷ்ஷுவின் 1495-ஆம் ஆண்டு நிலக்காட்சியைப் பாருங்கள். சீடர் சோயெனுக்குக் கொடுத்தது. செஷ்ஷுவே கைப்பட எழுதி, சீனா போய்வந்ததையும் முன்னோடி ஓவியர்கள் ஜோசெட்சு, ஷூபுன் வழியில் வந்ததையும் சொல்கிறார். ஆறு ஜென் துறவிகளும் எழுதியிருக்கிறார்கள். இப்படி அமைவது அபூர்வம்.

பின்தாள்:
மடிப்புக் கோடுகளையும் பாருங்கள். தொங்கு சுருளைக் கீழிருந்து மேலாகச் சுருட்டுவதால் மடிப்பு கிடையாக விழும். சீரான இடைவெளியில் செங்குத்து மடிப்புகள் இருந்தால், அது ஒரு காலத்தில் பக்கவாட்டில் சுருட்டிய நீள்சுருள், யாரோ வெட்டியிருக்கிறார்கள். சீனத் துறவி முச்சியின் 'சியாவோசியாங் எட்டுக் காட்சிகள்' அப்படித்தான் ராணுவ ஆட்சியாளர் (ஷோகுன்) அஷிகாகா யோஷிமிட்சு காலத்தில் துண்டாகித் தொங்கு சுருள்களானது. யோஷிமிட்சுவின் 'தோயூ' முத்திரை அந்தத் துண்டுகளில் இருக்கிறது. ஒன்று இன்று டோக்கியோ நெசு அருங்காட்சியகத்தில்.

வட்டமாக ஒட்டுப்போட்ட தடம் தெரிந்தால், இழுவைக் கதவின் கைப்பிடி இருந்த இடமா என்று யோசியுங்கள். கியோட்டோவின் தைதோகு-ஜி மடாலயத்தைச் சேர்ந்த தைசென்-இன் துணைக்கோயிலில் ஓவியர் கானோ மொதொனொபு வரைந்த கதவு ஓவியங்களும் பின்னாளில் தொங்கு சுருள்களாகிவிட்டன.

17-ஆம் நூற்றாண்டில் ஓவியர் கானோ தன்யூ, மதிப்பிடக் கொண்டுவந்த ஓவியங்களைச் சிறிதாக நகலெடுத்து வைத்தார். அந்த நகலில் இருக்கும் மரக்கிளை இன்றைய ஓவியத்தில் பாதியோடு நின்றால், ஓரம் வெட்டுப்பட்டது அதற்குப் பின் என்று பிடித்துவிடலாம்.

சுருளை வைத்திருக்கும் மரப்பெட்டியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். சுருளின் அடி உருளையின் நீளமும் பெட்டிக்குள் அது அமரும் பள்ளமும் பொருந்தாவிட்டால் பெட்டி வேறொன்றுடையது.

கரித்துகள்:
கடைசிக் கட்டப் பயணத்துக்கு ஆண்டுகளைக் கவனியுங்கள். 1868 ஆட்சி மாற்றத்துக்குப் பின் பௌத்த மடாலயங்கள் ஆதரவை இழந்தன; 1871-இல் நிலமும் போனது. வறுமையில் விற்றவை ஏராளம். அமெரிக்கப் பேராசிரியர் பெனலோசா 1878-இல் டோக்கியோவுக்கு வந்து வாங்கிக் குவித்தார். அந்தச் சேகரிப்பை 1886-இல் பாஸ்டன் மருத்துவர் வெல்டு வாங்கினார். 1911-இல் அது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. ஆகவே அருங்காட்சியகக் குறிப்பில் 'வெல்டு, 1911' என்று இருந்தால் அது வெல்டு கைக்குப் போன காலம் அதற்கும் கால் நூற்றாண்டு முந்தையது. சேர்ந்த ஆண்டும் வாங்கிய ஆண்டும் ஒன்றல்ல. பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

கார்முகில்:
ரொம்ப நன்றி. இன்னொன்று: ஓவியத்தைச் சுற்றியுள்ள துணி புத்தம் புதிதாக இருந்தால் ஓவியம் சேதப்பட்டது என்று அர்த்தமா?

பின்தாள்:
இல்லை. சுருளை ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து ஒட்டவேண்டிவரும். மையின் நிறம் கரியிலிருந்து வருவது, வெளுக்காது. முறிவது பட்டும் பின்னால் ஒட்டிய தாள்களும்.

குப்புறப் போட்டு ஈரம் கொடுத்துப் பழைய தாள்களை உரிப்பார்கள். ஓவியத்தை ஒட்டியிருக்கும் முதல் தாளில்தான் ஆபத்து. பட்டில் மை பின்பக்கம் வரை இறங்கியிருக்கும். அவசரப்பட்டால் தூரத்து மலையின் வெளிர்பூச்சு தாளோடு வந்துவிடும். புதுத் தாளின் நிறமும் பட்டினூடே தெரியும்: அடர்த்தி கூடினால் மூடுபனி அழுக்காகிவிடும்.

முதல் தாளுக்குப் புதிய கோதுமை மாவுச்சத்துப் பசை. அடுத்த அடுக்குகளுக்குச் சுமார் பத்தாண்டு ஊறிய வலுக்குறைந்த பசை. எல்லாவற்றுக்கும் கெட்டிப் பசை போட்டால் சுருள் விறைத்து மறுபடி முறியும். மடிப்பு விழுந்த இடத்தில் பின்புறம் சில மில்லிமீட்டர் அகலத் தாள்கீற்று வைப்பார்கள். சுருட்டும்போது உருளைமேல் பருத்த மர உறை மாட்டுவதும் புது மடிப்பு விழாமலிருக்கத்தான்.